டாக்டர் பேசி முடிக்கும் முன்னே

தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணிகளில் இன்ஜின் பார்ப்பது ஆன்றோவின் வேலை. நடுக்கடலில் இன்ஜின் நின்றாலும் பதறாத ஆள் என்று பேர். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத்தான் அவனுக்கும் ஈவாஞ்சலினுக்கும் ஜெர்லின் பிறந்தாள்.

ஒன்றரை வயதில் தத்தித் தத்தி நடந்த பிள்ளை, திடீரென்று நடப்பதை விட்டுவிட்டது. நிறுத்தினால் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காலையில் எழுந்ததுமே வாந்தி. கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். கேட்கவில்லை. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது சிறுமூளையில் கட்டி இருப்பது தெரிந்தது. ஆபரேஷன் நடந்தது. ஆன்றோ ரத்தம் கொடுத்தான், வராந்தாத் தரையில் படுத்துக் கிடந்தான். அதுவரை அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வெட்டியெடுத்த சதையைப் பரிசோதித்த முடிவு வந்ததும் டாக்டரம்மா இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இது புற்றுநோய்தான். வேகமா வளர்ற வகை. ஆனா பாப்பாவுக்கு வந்திருக்கிறது அபூர்வமான மாதிரி. நூத்துல ஒரு சில பிள்ளைங்களுக்குத்தான் இப்படி..."

ஆன்றோ எழுந்துவிட்டான். "டீ குடிச்சிட்டு வாரேன்" என்றான்.

அவன் திரும்பி வரவில்லை. அபூர்வம் என்றால் மருந்தே கிடையாது என்று அவன் மனசு முடிவுகட்டிவிட்டது. அந்தச் சின்ன உடம்பைப் பெட்டியில் வைப்பதைப் பார்க்க முடியாதென்று பஸ் ஏறினான். வெங்காயம் ஏற்றிக்கொண்டு புறப்படத் தயாராக நின்ற தோணியில் போய் ஏறிக்கொண்டான். போனை அணைத்துவிட்டான்.

மீதியை ஈவாஞ்சலின் தனியாகக் கேட்டாள்.

"கட்டிக்குள்ள செல்லெல்லாம் உருண்டை உருண்டையா சேர்ந்து, நல்ல நரம்புச் செல் மாதிரி முதிர ஆரம்பிச்சிருக்கு. சின்னப் பிள்ளைங்களுக்கு இந்த மாதிரி வந்தா பெரும்பாலும் பிழைச்சுக்குவாங்க. கதிர்வீச்சு வேண்டாம், மருந்து ஏத்தினா போதும்னு நினைக்கிறேன்."

"பெரும்பாலும்னா, டாக்டர்?"

"சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆனா எனக்கு நம்பிக்கை இருக்கு."

மாலத்தீவின் மாலே துறைமுகத்தில் இடத்துக்காக வாரக்கணக்கில் காத்துக் கிடந்து சரக்கு இறக்கும்போது, கூட வேலை செய்யும் சிலுவை வீட்டுக்குப் பேசிவிட்டு ஓடி வந்தான். "ஏலே ஆன்றோ, ஒம் மவளுக்கு முடியெல்லாம் கொட்டிட்டாம். ஆனா தெளிவா இருக்காளாம். பிழைச்சுக்கிடுவான்னு டாக்டர் சொல்லுதாராம். நீ ஏம்ல எங்கள்ட்ட ஒண்ணும் சொல்லல?"

ஆன்றோவுக்கு முதலில் வந்தது சந்தோஷமில்லை. உடம்பெல்லாம் கூசியது. திரும்பி வரும் வழியெல்லாம் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட அவனால் முடியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது மொட்டைத் தலையும் தழும்புமாக ஜெர்லின் அம்மா மடியில் இருந்தாள். அவனைக் கண்டதும் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"செத்திருப்பான்னு நெனச்சுத்தான வந்திய?" என்று ஈவாஞ்சலின் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

அடுத்த மருந்துக்கு மூவருமாகப் போனார்கள். அவன் முகத்தை மறந்துவிட்டிருந்த டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்து, "நீங்க பாப்பாவுக்கு...?" என்றார். "அவ அப்பாதான்" என்று ஈவாஞ்சலின் தரையைப் பார்த்துச் சொன்னாள். தனக்காக அவளும் கூனிக் குறுகுவதைப் பார்த்தபோது, அவள் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

மருந்து முடிந்தது. ஸ்கேனில் கட்டி இல்லை. இன்னும் சில வருஷம் பார்க்க வேண்டும் என்றார்கள். ஜெர்லின் கொஞ்சம் தள்ளாடி நடக்கிறாள். பேச்சு மெல்ல வருகிறது. ஆன்றோ தோணியை விட்டுவிட்டு மீன்பிடித் துறைமுகம் பக்கம் ஒரு பட்டறையில் இன்ஜின் பழுது பார்க்கிறான்.

பிள்ளை பிழைத்ததற்கு நன்றிப் பூசை வைத்தாள் ஈவாஞ்சலின். பூசை முடிந்து வெளியே வந்தபோது பக்கத்து வீட்டு அமலோற்பவம் ஆன்றோவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெத்த தகப்பன், மவளுக்காவ என்ன பாடு பட்டிருப்ப நீ!"

சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். தலையாட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம்.

"நான் ஒண்ணும் படலக்கா. பாதியில ஓடிட்டேன். எல்லாம் இவதான் பாத்தா."

அமலோற்பவம் கையை விட்டாள். ஈவாஞ்சலினின் முகம் சிவந்துபோயிற்று. அவள் அவனைத் தேற்றவுமில்லை, மறுக்கவுமில்லை. எல்லோருக்கும் கேக் கொடுக்க வேண்டியிருந்தது. இடுப்பிலிருந்த பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டுத் தட்டை எடுக்கப் போனாள். ஜெர்லின் அம்மாவைத் தேடி அழ ஆரம்பித்தாள். அத்தனை பேர் பார்க்க, அவன் அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நின்றான்.