தான் சொன்னதை மாற்றிச் சொன்ன நர்ஸ் பாக்கியம்

புறநோயாளிகள் வரிசை இன்னும் பாதி மிச்சமிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மருந்தாளுநர் என் அறைக்குள் எட்டிப் பார்த்தார். "காரியாபட்டியில நம்ம பாக்கியம் சிஸ்டர் தவறிட்டாகளாம் மேடம். மாரடைப்பு." மீதிப் பேரையும் பார்த்து முடித்த பிறகே கிளம்பினேன். பாக்கியமாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்.

எம். புதுப்பட்டிப் பக்கத்தில் பிள்ளை பெற்றவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் கிராம சுகாதார செவிலியர், நான் மருத்துவர். வேலைக்கு ஏற்றிப்போகும் பட்டாசுக் கம்பெனி வேன் வருவதற்குள் தாய்மார்களைப் பார்த்துவிட வேண்டும் என்று காலை ஏழு மணிக்கே தெருவில் இருப்பார். யார் காபி கொடுத்தாலும் வாங்க மாட்டார். "ஒரு வீட்டுல குடிச்சா எல்லா வீட்டுலயும் குடிக்கணும். வயிறு தாங்காது" என்பார்.

ஒவ்வாமை வராமலிருக்க, இரண்டு வயது வரை குழந்தைகளுக்கு முட்டையும் நிலக்கடலையும் வேண்டாம் என்று பல வருடங்களுக்கு முன்பு சொல்லிவந்தோம். நான் படித்தபோது எனக்குக் கற்பித்தது அதுதான். நான் சொல்லச் சொன்னேன். பாக்கியம் வீடு வீடாகக் கொண்டுபோனார். பட்டாசு ஆலையில் வேலை பார்த்த முத்துமாரி அதை அப்படியே கடைப்பிடித்தார். அவர் மகள் கவிதா இரண்டு வயது தாண்டி முதன்முதலாகக் கடலைமிட்டாய் தின்ற அன்று, உதடு வீங்கி மூச்சுத் திணறிய அவளை என்னிடம் தூக்கி வந்தார்கள். ஊசி போட்டதும் மூச்சு சீரானது. பிழைத்துக்கொண்டாள்.

பிறகு விருதுநகரில் நடந்த ஒரு பயிற்சியில், அந்த அறிவுரை மாறிவிட்டது என்றார்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அதன்பின் மற்ற உணவுகளோடு நன்றாக வெந்த முட்டையையும், மைபோல அரைத்துக் கரைத்த கடலையையும் தள்ளிப்போடாமல் கொடுத்தால்தான் ஒவ்வாமை வரும் வாய்ப்பு குறையும். முழுக் கடலை மட்டும் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

திரும்பும் பேருந்தில் பாக்கியம் கேட்டார். "அப்ப கவிதாவுக்கு வந்தது நாம சொன்னதாலயா மேடம்?"

"அப்படிச் சொல்ல முடியாது. முன்னாடியே குடுத்திருந்தாலும் வந்திருக்கலாம்."

"இல்லேன்னும் சொல்ல முடியாதுல்ல?"

 இனிமேல் வருகிறவர்களுக்கு மாற்றிச் சொன்னால் போதும் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை அவர் முதலில் போனது முத்துமாரி வீட்டுக்கு. "ஏத்தா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்றிருக்கிறார். இரண்டாவது பிள்ளையை வயிற்றில் சுமந்திருந்த முத்துமாரி கதவைச் சாத்திக்கொண்டார். பாக்கியம் அதை என்னிடம் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார். கைக்குழந்தை இருந்த ஒரு வீட்டையும் அவர் விடவில்லை.

இரண்டாவது பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்ததும் முத்துமாரி தானாகவே வந்தார். "குடுக்கணும்னா ஒங்க கண்ணு முன்னாடிதான் குடுப்பேன்." குழந்தையின் தோலில் ஒவ்வாமையைக் காட்டும் கரப்பான் படை ஏதும் இல்லை, சோதித்துப் பார்த்துச் சரி என்றேன். வெந்நீரில் கரைத்த கடலை விழுதைக் கரண்டி நுனியில் எடுத்து பாக்கியம் நீட்டினார். முத்துமாரி கரண்டியை வாங்கவில்லை.

"நீங்களே குடுத்திருங்க."

"நான் குடுத்தா நாளைக்கு வீட்டுல நீ குடுக்க மாட்டே."

முத்துமாரியே கொடுத்தார். இரண்டு மணி நேரம் நாங்கள் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் ஆகவில்லை, தூங்கிப்போனான். இப்போது பள்ளிக்கூடம் போகிறான், கடலை தின்கிறான். கவிதாவால் இன்றும் முடியாது.

காரியாபட்டியில் பாக்கியம் வீட்டு வாசலில் முத்துமாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அன்னைக்கு அவங்க சொன்னது, நான் சொல்லச் சொன்னது" என்றேன்.

முத்துமாரி என் பக்கம் திரும்பினார். "யாரு ஒங்கள அப்படிச் சொல்லச் சொன்னாகன்னு அவுககிட்ட நானே ஒரு நா கேட்டேன் டாக்டரம்மா. 'ஒங்கிட்ட சொன்னவ நான்தானே'ன்னாக. அம்புட்டுத்தான்."

மறுவாரம் தாய்மார் கூட்டத்தில், முன்பு நாங்கள் என்ன சொன்னோம், அதைச் சொல்லச் சொன்னது யார் என்பதை முதலில் சொன்னேன். புதிய அறிவுரையை அதன் பிறகே சொன்னேன். பாக்கியத்திடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அந்த வரிசை ஒன்றுதான்.