விரல் தட்டாத யுன்-ஹோ

லோ யுன்-ஹோ படகில் பிறந்தவள். அன்று ஆற்றில் வெள்ளம்; மருத்துவச்சியால் வர முடியவில்லை. குழந்தை தானாகவே வெளியே வந்து, சுற்றிலும் பார்த்து, "தொப்புள்கொடியை யார் கட்டுறது?" என்று அதட்டியதாகத் தெருவில் சொல்வார்கள். நான் நம்புகிறேன். பின்னாளில் அவளிடம் அதட்டு வாங்கிய எவரும் நம்புவார்கள்.

குவாங்சோவின் மேற்கே, முத்து ஆற்றின் கிளை ஒன்று வளைகிற இடத்தில் எங்கள் மூங்கில்மேட்டுத் தெரு. தெரு முடிகிற இடத்தில் கருங்கல் படித்துறை. அதன் கடைசிப் படியில் படகைக் கட்டிக்கொண்டு யுன்-ஹோ காலைக் கஞ்சி விற்றாள். கிண்ணத்தில் பச்சை மீன் துண்டு, வேர்க்கடலை, இஞ்சி நறுக்கு, வெங்காயத்தாள், பொரித்த மாவு. மேலே கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி. மீன் கிண்ணத்திலேயே வெந்துவிடும். அந்த வாசனைக்கு எதிர்க்கரைப் பூனைகள் ஆற்றை நீந்திக் கடந்து வரும். பூனை நீந்தாது என்று சொல்பவர்கள் யுன்-ஹோவின் கஞ்சியைக் குடித்ததில்லை, அவ்வளவுதான்.

அவள் புருஷன் சரக்குப் படகில் போனவன், இன்னொரு துறைமுகத்தில் இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டான். சேதி வந்ததும் அவள் அவன் துணிகளைத் துவைத்து மடித்து, கூடவே ஒரு ஜாடி ஊறுகாயும் வைத்து, அந்தப் பக்கம் போகிற படகில் ஏற்றிவிட்டாள். பதிலுக்கு அவன் "ரொம்ப நன்றி" என்று சொல்லி அனுப்பினான். அப்போதுதான் அவள் அழுதாள். எங்கள் பக்கம் வீட்டுக்குள் யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. நன்றி வெளியாளுக்கு. அவன் அந்த ஒரு வார்த்தையில் கணக்கை முடித்துவிட்டான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குவான் சிக்-லாம் வந்தார். தெருமுனையில் மூன்று மாடிக்குத் தேநீர் மாளிகை கட்டினார். வாசலில் தங்க நிறக் கெண்டை மீன், உள்ளே கண்ணாடித் தொட்டிகள். கட்டி முடித்த கையோடு படித்துறைக்குக் குறுக்கே இரும்புக் கதவு போட்டு, பெரிய பூட்டால் பூட்டி, சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டார்.

யுன்-ஹோ ஒரே ஒரு தடவை போய்க் கேட்டாள்.

"முதலாளி, எங்க படித்துறைக்குப் பூட்டு போட்டிருக்கீங்க."

"இடத்தோட சேர்த்துக் குத்தகை எடுத்தது அக்கா. உயிர் மீன் இறக்கணும், நாலு பேர் ஏறி இறங்கினா சேறாகுது."

"படி உங்க பாட்டனுக்குப் பல் முளைக்கிறதுக்கு முன்னாடி இருந்தே இருக்கு."

சிக்-லாம் கோபப்படவில்லை. அவர் கெட்டவர் அல்ல; தாராளமாக இருப்பதில் ருசி கண்டவர். "சரி, உங்களுக்காகக் காலையில கொஞ்ச நேரம் திறந்து விடச் சொல்றேன். புதுவருஷத்துக்கு எல்லாரும் வந்து நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. எனக்கு அது போதும்."

"எங்க படியில நாங்க இறங்க உங்களுக்கு நன்றியா?" என்றாள் யுன்-ஹோ. "சூரியனையும் குத்தகை எடுத்திட்டுச் சொல்லி அனுப்புங்க முதலாளி, அதுக்கும் சேர்த்துச் சொல்லிடறோம்."

அதற்குப் பிறகு அவள் பக்கத்துப் பாலத்தின் தூணில் படகைக் கட்டினாள். மேலேயிருந்து ஜனங்கள் கயிற்றில் கூடையை இறக்குவார்கள், அவள் கிண்ணத்தை வைப்பாள், அவர்கள் இழுப்பார்கள். பாதிக் கஞ்சி ஆற்றுக்குப் போனது. கீழே மீன்கள் கொழுத்தன, மேலே வாடிக்கை மெலிந்தது. குளிர்காலம்வரை இப்படியே போனால் படகை விற்க வேண்டியதுதான் என்று தையற்காரி போய்-கூனிடம் சொன்னாள்.

"போய் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலையேன் யுன்," என்றாள் போய்-கூன். "நாக்கு தேஞ்சா போயிடும்?"

"இன்னிக்கு நான் சொன்னா, நாளைக்கு நீ சொல்லணும். அப்புறம் உன் பேத்தி சொல்லணும். படகு போனாப் போகட்டும் போ."

சிக்-லாமின் அப்பா, பெரியவர் குவான், மாளிகையின் மேல்மாடியில் இருந்தார். வைத்தியர் அவருக்கு உப்பைத் தடுத்திருந்தார். மகனின் சமையல்காரர்கள் உப்பில்லாக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். அதைக் குடித்துக் குடித்துத் தன் நாக்கு வேறு வீடு பார்த்துப் போய்விட்டது என்பார் அவர். ஒரு விடியற்காலை பெரியவர் எனாமல் கிண்ணத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு இரும்புக் கதவின்மேல் ஏறினார். மறுபக்கம் இறங்கிப் பாலத்தடியில் இருந்த யுன்-ஹோவைக் கூப்பிடுவது அவர் திட்டம். பாசிப் படியில் கால் வைத்தார், நேராக ஆற்றுக்குள் போனார்.

யுன்-ஹோ படகை அவிழ்த்துக்கொண்டு பறந்து, கொக்கிக் கழியை அவர் சட்டைக் காலரில் மாட்டி இழுத்துப் போட்டாள். வயிற்றைப் பிதுக்கினாள். ஆற்றுத் தண்ணீரோடு இரண்டு இறாலும் வெளியே வந்ததாகச் சொல்கிறார்கள். ஒன்றுதான் என்பவர்களும் இருக்கிறார்கள். கண்ணைத் திறந்ததும் பெரியவர் சொன்னது: "இஞ்சி கொஞ்சம் கூடுதலா போடு." அடுத்து சொன்னது: "கதவுல ஏறினேன்னு மகன்கிட்டச் சொல்லிடாதே பொண்ணே. உப்பு விஷயம் தெரிஞ்சா என்னையும் பூட்டிடுவான்."

அவள் வாக்குக் கொடுத்தாள். பின்சுவரில் நின்று மீன் பார்த்தபோது கால் வழுக்கியது என்று பெரியவர் மகனிடம் கதை கட்டினார்.

மறுநாளே சிக்-லாம் ஆரஞ்சுக் கூடையும் கேக்குப் பெட்டியும் எடுத்துக்கொண்டு பாலத்துக்கு வந்தார், இரண்டு கையாலும் நீட்டினார்.

"வேண்டாம்," என்றாள் யுன்-ஹோ.

"அப்படிச் சொல்லக் கூடாது அக்கா."

"வேண்டாம்ன்னா வேண்டாம்."

"உங்க நல்ல மனசு யாருக்கு வரும்!"

எங்கள் பக்கம் கொடுத்த உடனே வாங்கிக்கொள்கிறவன் பேராசைக்காரன். ஒருமுறை மறுக்க வேண்டும், இன்னொருமுறை மறுக்க வேண்டும், பிறகும் கொஞ்சம் முறுக்கிக்கொள்ள வேண்டும். கொடுக்கிறவர் சட்டைப் பைக்குள் திணிக்க வேண்டும். வாங்குகிறவர் பிடுங்கித் திருப்பி எறிய வேண்டும். எங்கள் தெருவில் புதுவருஷ அன்பளிப்பு கொடுப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால் கைகலப்பு என்று போலீசைக் கூப்பிடுவார்கள். ஆகவே சிக்-லாம் அவள் வேண்டாம் என்றதைக் கேட்டு மகிழ்ந்துபோனார். பரிசு சிறியது, அதைத்தான் அவள் பண்பாகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்ததாக முழுப் பன்றி வறுவல் வந்தது; மொறுமொறுத் தோலும், கண்ணுக்கு இரண்டு சிவப்புச் செர்ரிப் பழமும். யுன்-ஹோ பன்றியைத் திருப்பித் தள்ளினாள். தெரு முழுக்கக் கண்ணீர் விட்டது. அவள் மனசுக்காக அல்ல, பன்றிக்காக. அதற்கடுத்தது தங்க வளையல். கஞ்சிக் கரண்டியில் மாட்டித் திருப்பி நீட்டினாள். பிறகு மேளதாளத்தோடு சிவப்பு வெல்வெட் பதாகை. பொன்னெழுத்தில் அவள் பெருமை. பாலத்தின்மேல் மேளம் அதிர, கீழே அவள் கத்தினாள்:

"முதலாளி! இது மரியாதைக்குச் சொல்ற வேண்டாம் இல்ல! நெஜ வேண்டாம்!"

"கேட்டீங்களா எல்லாரும்?" என்றார் சிக்-லாம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்தக் காலத்துல இப்படி ஒரு அடக்கம்!"

யுன்-ஹோ கரண்டியை ஆற்றில் வீசிவிட்டு, பிறகு அதை எடுக்கக் குதித்தாள். அவ்வளவு கோபம்.

ஆனால் தெரு மெல்ல வேறு மாதிரிப் பேசத் தொடங்கியது. இத்தனை தடவை திரும்பி வருகிற நன்றியில் ஏதோ கோளாறு இருக்கிறது. அப்பாவின் உயிருக்கு ஒழுங்காக நன்றி சொல்லத் தெரியாதவன் மாளிகையில் உட்கார்ந்து என்ன தேநீர் குடிப்பது? மேசைகள் காலியாகத் தொடங்கின. சிக்-லாமின் தூக்கம் போனது.

"கதவைத் திறக்கச் சொல்லி இப்ப கேளேன் யுன்," என்று போய்-கூன் மன்றாடினாள். "காலைப் பிடிச்சிட்டுத் திறப்பாரு. நீ உயிரைக் கொடுத்தே, அவரு படியைக் கொடுக்கட்டும்."

"கொடுத்தா அது அவரு கொடுத்ததாயிடும். தாத்தா உயிரை நான் விக்கலை. எங்க படியை நான் வாங்கப் போறதும் இல்லை."

கடைசியில் சிக்-லாம் தெரு முழுவதையும் காலைத் தேநீருக்கு அழைத்தார். எல்லோரும் போனார்கள், யுன்-ஹோவும் போனாள், படகில் போடுகிற ரப்பர் செருப்போடு. நடுமேசையில் முதல் இடம் அவளுக்கு. பக்கத்தில் பெரியவர் குவான். மூங்கில் தட்டுகளில் இறால் கொழுக்கட்டை ஆவி விட்டது. சிக்-லாம் பணியாளரை விலக்கிவிட்டு, தானே தேநீர்க் கெண்டியை எடுத்து அவள் கிண்ணத்தில் ஊற்றினார்.

எங்கள் பக்கம் யாராவது தேநீர் ஊற்றினால் இரண்டு விரலை மடக்கி மேசையில் மெல்லத் தட்ட வேண்டும். வாய் நிறைய இருந்தாலும், சண்டைக்கு நடுவே இருந்தாலும், விரல் தட்டிவிடும். அதுதான் நன்றி. தூக்கத்தில் தட்டுகிற குழந்தைகளை நானே பார்த்திருக்கிறேன்.

யுன்-ஹோவின் கைகள் மடியில் இருந்தன.

அவள் கவனிக்கவில்லை என்று சிக்-லாம் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். கிண்ணம் விளிம்புவரை நிறைந்தது. விருந்தாளிக்குத் தளும்பத் தளும்ப ஊற்றுவது எழுந்து போ என்று சொல்வதற்குச் சமம். அவருக்கு வியர்த்தது, ஆனாலும் கை நிற்கவில்லை. தேநீர் வழிந்து, மேசைவிரிப்பில் ஓடி, பெரியவரின் மடியில் சொட்டியது. கூடம் முழுக்க ஒருவர் பல்லும் அசையவில்லை.

"தட்டுங்க அக்கா," என்றார் சிக்-லாம். "ஊருக்கு முன்னாடி ஏன் இப்படிப் பண்றீங்க? நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"உங்க பழமும் வேண்டாம், பன்றியும் வேண்டாம், தேநீரும் வேண்டாம். இப்பவாவது புரியுதா? வேற சொல்ல மாட்டேன். ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

பெரியவர் நனைந்த கால்சட்டையைப் பிழிந்துகொண்டே எழுந்தார்.

"டேய் லாம். நான் ஆத்துல என்ன செஞ்சிட்டிருந்தேன்னு கேளு."

"மீன் பார்த்துட்டிருந்தீங்க அப்பா."

"மீனாவது மண்ணாவது! உன் சமையக்காரன் காய்ச்சறது கஞ்சியாடா? சுவரொட்டி ஒட்டற பசை! அவ கஞ்சிக்காக உன் இரும்புக் கதவுல ஏறி விழுந்தேன். என்னைத் தள்ளினது உன் பூட்டு. எடுத்தது இவ. இப்ப யாருக்கு என்ன வேணும்னு யோசி."

முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. ஆனால் மீன் தொட்டியில் இருந்த நண்டுகள்வரை சிரித்தன. சிக்-லாம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கெண்டியை வைத்தார். இடுப்பிலிருந்து சாவியை உருவினார். மொத்தத் தெருவும் பின்னால் வர, படித்துறைக்குப் போய்ப் பூட்டைத் திறந்து, கதவைக் கீலோடு கழற்றச் சொன்னார். திரும்பி வந்து யுன்-ஹோவுக்குப் புதுக் கிண்ணம் வைத்து, அளவாகத் தேநீர் ஊற்றி, அவள் விரல்களைப் பார்த்து நின்றார்.

யுன்-ஹோ தேநீரைக் குடித்தாள். கிண்ணத்தை வைத்தாள். விரல் அசையவில்லை.

"இன்னும் என்ன அக்கா? திறந்துட்டேனே!"

"எங்க படியைத் திறந்தீங்க. அதுக்கு நான் ஏன் தட்டணும்?" என்று சொல்லிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "தேநீர் நல்லா இருந்துது. உலை கொதிக்குது, நான் வரேன்."

மறுநாள் காலை படகு பழைய படியில் நின்றது. போய்-கூன் கிண்ணத்தோடு இறங்கி வந்து ஆரம்பித்தாள்: "யுன், உனக்கு எப்படி நன்றி..."

"வாயை மூடு," என்றாள் யுன்-ஹோ. "நான் என்ன வெளியாளா?"

தெருவில் வேறு ஒருவரும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. வரிசையில் நின்று, கஞ்சி நீர்த்துவிட்டது, மீன் சிறுத்துவிட்டது என்று குறை சொன்னார்கள். அவள் முகம் அன்று போல மலர்ந்து யாரும் பார்த்ததில்லை.

வரிசை கரைந்த பிறகு சிக்-லாம் கையில் எனாமல் கிண்ணத்தோடு வந்தார். "அப்பாவுக்கு," என்றார். "உப்பு குறைச்சு."

யுன்-ஹோ ஊற்றிக் கொடுத்தாள். கூடுதலாக இஞ்சி போட்டாள். அவர் படகின் விளிம்பில் குனிந்து, இரண்டு விரலை மடக்கி, பலகையில் மெல்லத் தட்டினார். அவள் தலையை மட்டும் அசைத்தாள். அவர் சொன்ன நன்றிகளில் அவள் வேண்டாம் என்று சொல்லாதது அது ஒன்றுதான்.