தண்ணீர் கலக்காத கூலன்ட்

கல்பாக்கத்தில் வேலை பார்த்தபோது, வேகத்துக்காக இன்ஜினை மாற்றியமைத்த பழைய கார் ஒன்றை வாங்கினேன். செங்கல்பட்டில் பாயின் உதிரிபாகக் கடையில் வாங்கிய, இன்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலன்டை நிரம்ப ஊற்றியும், மாமல்லபுரம் தாண்டுவதற்குள் வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. ஆறவைத்து இன்னும் ஊற்றினேன். மறுபடி கொதித்தது. குழப்பம் கோபமாக மாறியது. பாய்க்குப் போன் போட்டு, நிற்கும் இடத்தைச் சொல்லிக் கத்தினேன்.

“போலி சரக்கைத் தலையில கட்டிட்டியே, திருட்டுப் பயலே!”

ஒரு மணி நேரத்தில் அவரே ஸ்கூட்டரில் வந்து நின்றார்.

“தண்ணி எவ்ளோ கலந்தீங்க சார்?”

“தண்ணியா? ஒரு சொட்டுகூட இல்ல.”

“பாதிக்குப் பாதி கலக்கணும் சார். தண்ணிதான் சூட்டை இழுக்கும். வெறும் கூலன்ட்டு ஊத்துனா இன்னா ஆவும்?”

இன்ஜின் ஆறியதும் பாதியை வடித்து, கேனில் கொண்டுவந்த சுத்தத் தண்ணீரை ஊற்றினார். முள் அடங்கியது. நான் மன்னிப்புக் கேட்பதற்குள் கிளம்பிவிட்டார்.

அவ்வளவு திட்டியவனுக்காக ஏன் வந்தார் என்று இன்றும் யோசிக்கிறேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் போயிருக்கமாட்டேன்.