சூலமும் சிங்கமும் பொறித்த காசு

பெருவெள்ளம் வடிந்தபோது தேற்றாத்தீவில் எங்கள் வளவின் வேலி வாவிப் பக்கம் சரிந்து கிடந்தது. புதுக் கதியால் தடிகள் நடக் குழி தோண்டினேன். அலவாங்கின் இரும்பு முனையில் கறுத்த கட்டி ஒன்று தட்டுப்பட்டது. கழுவினால் காசுகள், ஒன்றோடொன்று ஒட்டியபடி. இடையில் உக்கிப்போன துணிநூல். அதே கிழமைதான் என் மகளுக்குச் சின்னமுத்து அம்மை போட்டது.

நான் சும்மாவே பயந்தவன். பிள்ளை அயர்ந்து தூங்கினால் மூக்கருகில் விரல் வைத்து மூச்சுப் பார்க்கிறவன்.

எங்கள் பக்கத்தில் அம்மை நோயை அம்மாள் வருத்தம் என்போம். அது வந்தால் காசை மஞ்சள் தண்ணீரில் கழுவி, துணியில் முடிந்து, கூரை வளையில் கட்டுவோம். சுகமானதும் வருடச் சடங்குக் காலத்தில் அம்மாள் கோயிலில் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்ட நேர்த்திக் காசை வேறொருவர் எடுத்தால், அந்த வருத்தம் எடுத்தவர் வீட்டுக்கு வரும் என்பார்கள். நான் எடுத்த காசிலும் துணிநூல் இருந்ததே.

மனைவி காசைப் பழப்புளி போட்டுத் தேய்த்தாள். ஒரு பக்கம் சிங்கம். மறுபக்கம் மேலே விரிந்த கோடுகள், அவற்றில் வளைவுகள்.

"இஞ்சாருங்க, சூலம்! அம்மாள்ர காசேதான்."

"ஆர் குடுக்காம விட்டதோ."

"ஆராயிருந்தா என்ன? எடுத்தது நீங்க."

எந்த அம்மாள்? கண்ணகியா, மாரியா, காளியா? இடம் மாறிக் கொடுத்தால் கோபம் கூடிவிடுமே. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான்; காசில் எனக்குத் தெரிந்த எழுத்து ஒன்றுமில்லை. பட்டணத்தில் மணிக்கூடு திருத்தும், வெள்ளைக்காரர் வழிவந்த பறங்கியர் ஒருவர் பழங்காசு பார்ப்பார் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினேன்.

அவர் கண்ணில் கண்ணாடியை இறுக்கிப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"சூலமும் இல்ல, கத்தியும் இல்ல தம்பி. முந்தி இஞ்ச ஆண்ட ஒல்லாந்துக் கொம்பனிர முத்திரை. மூண்டு எழுத்தை ஒண்டுக்க ஒண்டு பின்னியிருக்கானுகள். சிங்கமும் அவனுகள்ரதான். என்ர பாட்டன்மார்ர காசு, நியாயப்படி நீ எனக்குத்தான் தரணும்!"

"அப்ப அம்மாள்ர இல்லையா பாஸ்?"

"மீன் வாங்கின செப்புக் காசு. பயப்படாத, போ."

பஸ்ஸில்தான் பயம் கூடியது. அதுவரை எனக்குப் போக ஓர் இடம் இருந்தது. திருப்பிக் கொடுத்து, குற்றம் பொறுக்கச் சொல்லிக் கும்பிடலாம். இப்போது காசில் குற்றமில்லை. பிள்ளைக்கோ காய்ச்சல் கொதிக்கிறது. என் கையால் செய்ய ஒன்றுமில்லை.

மகள் வேப்பிலைக்கு நடுவே உதடு வெடித்துக் கிடந்தாள். கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. மனைவியிடம் உள்ளதைச் சொன்னேன். அவள் வேப்பங்கொத்தால் விசிறுவதை நிறுத்தவில்லை.

"காசு அடிச்சவன் ஒல்லாந்தன். துணியில முடிஞ்சவள் நம்மடவள்தானே? அவளுக்கும் ஒரு புள்ள இப்பிடிக் கிடந்திருக்கும். நம்மட காசோட சேத்து முடியுங்க."

அப்படியே முடிந்து கூரை வளையில் கட்டினேன். அந்தப் பிள்ளை பிழைத்ததா என்று கேட்க ஆளில்லை.

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் வார்த்த அன்று மகள் நிற்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "சுடுது அப்பா, ஊத்தாதீங்க" என்று கத்தினாள்.

"கத்து மகள், நல்லாக் கத்து" என்றேன்.

சடங்குக்கு எங்கள் கண்ணகி அம்மாள் கோயில் கதவு திறந்ததும் முடிச்சைக் கொண்டுபோனேன். பூசை செய்யும் கப்புகனார் அவிழ்த்துப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"இதென்ன காசு?"

"ரெண்டு வீட்டு நேர்த்தி" என்றேன்.