கழித்த குழாயும் ஆறாம் வகுப்புப் பரீட்சையும்

என் பள்ளிக்கூடத்தைப் பற்றி எங்கள் தெருவுக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருந்தது. விருதுநகரில் இருந்த அந்தப் பெண்கள் பள்ளியில் முடியைக் கத்தரித்துவிடுவார்கள், கறிமீனைக் கண்ணில் காட்டமாட்டார்கள், பெரிய மனிதர் சிபாரிசு இல்லாமல் வாசலில்கூட நிற்க முடியாது. நான் அங்கே படித்துக்கொண்டிருந்தபோதே எங்கள் தாயில்பட்டிப் பக்கம் உலவிய செய்திகள் இவை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பரீட்சை எழுதி அந்தப் பள்ளியில் இடம் பிடித்தவளும் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். அதில் எனக்குப் பெருமை உண்டு. இன்றும் அதை மறைப்பதில்லை.

பெருமையோடு விடுதியில் தனியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மற்ற பிள்ளைகளைப் பார்க்க வீட்டிலிருந்து வருவார்கள். பட்டாசு சீசனில் எங்கள் வீட்டாருக்கு ஞாயிறும் வேலை நாள். விடுதி வாசலில் காசு போட்டுப் பேசும் போன் இருந்தது. நான் பேசினால் எடுக்க எங்கள் தெருவில் ஒருவரிடமும் போன் இல்லை. ஆடிக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போகும் வேன்களின் மேளச்சத்தம் ரோட்டிலிருந்து வரும். எங்கள் ஊர் வேன் அந்த வழியில் வராது என்று தெரிந்தும், அதன் மேளம் கேட்கிறதா என்று பார்ப்பேன். "உங்க ஊர்ல தீபாவளிக்கு ரொம்ப வெடிப்பீங்களோ?" என்று கூடப் படித்தவர்கள் கேட்பார்கள். மாதக்கணக்கில் உழைத்த அலுப்பில் எங்கள் தெரு அன்று பகலெல்லாம் தூங்கும் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். பிறகு சொல்வதை விட்டுவிட்டேன்.

பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், எதிர்வீட்டு அத்தையின் மகளைப் பரீட்சை எழுத வைக்கலாம் என்று ஊர்ப் பள்ளி வாத்தியார் சொன்னார். அவள் அப்போதுதான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். முறைப்படி என்னை மதினி என்பாள். அவள் வந்துவிட்டால் கடைசி ஒரு வருசமாவது சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் எங்கள் தெருவின் முகம் ஒன்று நிற்கும். அவளுடைய படிப்பை நினைத்ததைவிட அந்த முகத்தைத்தான் அதிகம் நினைத்தேன்.

அத்தையும் பக்கத்து வீட்டுப் பெண்களும் எங்கள் வீட்டு நிழலில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தை கையை நிறுத்தாமல் கேட்டாள்:

"ஏத்தா, அங்கன பரீச்சையில கழிச்சிட்டா, பெறகு எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சேக்க மாட்டாகளாமே?"

"யாரு சொன்னாக?"

"யாரு சொல்லணும்? கோணிப்போன குழாயக் கம்பெனியில கழிச்சா, அத வேற கம்பெனிக்காரன் எடுக்கானா? அடுப்புக்குத்தான."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒரு கம்பெனியின் அளவுக்குச் சுருட்டிய குழாய் இன்னொரு கம்பெனிக்கு உதவாது. அந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்கும் போட்டிருந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து வேறு யாரும் பரீட்சைக்குப் போகாததற்குக் காரணம் முடியும் இல்லை, கறிமீனும் இல்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அப்படி இல்ல அத்தை. அவுககிட்ட இருக்கிற எடம் கொஞ்சம், எழுதுற பிள்ளைக நெறைய. தமிழும் கணக்கும் எழுதச் சொல்லுவாக. சிபாரிசெல்லாம் வேண்டாம். எடம் கெடைக்கலைன்னா சூன் மாசம் நம்ம பக்கத்தூர்ப் பள்ளிக்கூடத்துல ஆறாப்புச் சேத்துக்கிடலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக."

"ஒன்னைய எடுத்துக்கிட்டாக. ஒனக்கென்ன, சொல்லுவ" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எல்லோரும் சிரித்தார்கள். அங்கே எடுக்காமல் விட்டு, பிறகு வேறு பள்ளியில் சேர்ந்த ஒரு பிள்ளையைக் காட்டினால்தான் நம்புவார்கள். அப்படி ஒருத்தி எங்கள் தெருவில் இல்லை.

முடியைப் பற்றிக் கேட்டார்கள். கத்தரிப்பதில்லை, இரட்டைச் சடை போட வேண்டும் என்றேன். கறி வாரம் ஒருநாள் உண்டு என்றேன். இருக்கன்குடிக்கு விடுவார்களா என்றதற்கு மட்டும், விடமாட்டார்கள் என்றேன். அத்தை முகம் சுருங்கியது.

அத்தை மகளான அந்தப் பிள்ளை அதுவரை குழாய்களைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தது.

"அங்கன ஒனக்கு யாரு மதினி இருக்கா?"

நிறைய பேர் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

"யாரும் இல்ல. பேசிக்கிடுவோம், அம்புட்டுத்தான். மொத வருசம் அழுதேன். ஆனா நல்லாச் சொல்லிக் குடுப்பாக. வெளங்கலைன்னா திரும்பக் கேக்கலாம், வைய மாட்டாக."

அவள் யோசித்தாள். "அப்ப எழுதுறேன்" என்றாள்.

"எழுதட்டும். கழிச்சிட்டா நீதான் வந்து பதில் சொல்லணும்" என்று அத்தை என்னைப் பார்த்துச் சொன்னாள்.

மே மாதம் மூவரும் பஸ் ஏறிப் போனோம். மிளகாய் மண்டிப் பக்கம் நடந்தபோது அத்தை தும்மிக்கொண்டே வந்தாள். பரீட்சை முடிந்து வெளியே வந்த பிள்ளை, கணக்கில் இரண்டு தெரியவில்லை என்றது. அன்று சாயங்காலமே முடிவைப் பலகையில் ஒட்டினார்கள். அதில் அவள் எண் இல்லை. இரண்டு தரம் பார்த்தேன். திரும்பி வரும்போது அத்தை ஜன்னல் பக்கமே பார்த்தபடி, "கழிச்சிட்டாக" என்று ஒருமுறை சொன்னாள். பிள்ளைக்காகவும் வருத்தமாக இருந்தது, எனக்காகவும்.

சூனில் விடுதிக்குத் தனியாகத் திரும்பினேன். அடுத்து நடந்ததை, ஆவணி வாக்கில் என்னைப் பார்க்க வந்த அம்மா சொன்னாள். பக்கத்தூர்ப் பள்ளித் தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு அவளைச் சேர்த்துக்கொண்டாராம். விருதுநகரில் எழுதினாயா என்றுகூடக் கேட்கவில்லையாம். முதல் வாரம் முழுக்க, பள்ளியிலிருந்து பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அத்தை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

யாரும் அனுப்பவில்லை.

அடுத்த கோடையில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தேன். அதே நிழலில் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பரீட்சைக்குப் போக நாலைந்து பிள்ளைகள் தயாராக இருந்தார்கள். என்ன கேட்பார்கள், எப்படிக் கேட்பார்கள் என்று அவர்கள் போய் நின்றது எதிர்வீட்டு வாசலில். என் வீட்டுப் படியிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கணக்குல ரெண்டு கஷ்டமா வரும். மத்ததெல்லாம் நம்ம புத்தகம்தான்" என்றாள் அத்தை மகள். "எடுக்கலைன்னா என்னைய மாதிரி பக்கத்தூர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்துருங்க."

அத்தை கையை நிறுத்தாமல் சொன்னாள்: "எம் மகள எடுக்கல. என்ன ஆகிப்போச்சு? ஆறாப்பு முடிச்சிட்டா. போய் எழுதுங்க."

அந்த வருசம் எங்கள் தெருவிலிருந்து இரண்டு பேருக்கு இடம் கிடைத்தது. இருவரும் ஒன்றாகவே பஸ் ஏறினார்கள். ஏறும்போது, ஜன்னலோர இடம் யாருக்கு என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். வழியனுப்ப நின்ற என்னிடம் விடுதியைப் பற்றி அவர்கள் எதுவும் கேட்கவில்லை.