ஒரு முழுப் பேகல்

அன்றைக்கு எங்கள் குசினி அடுப்படியில் நின்றது மூன்று பேர்தான்: என் கணவர், நான், பக்கத்து அப்பார்ட்மென்ற் அன்ரி. மகள் வேலைக்குப் போயிருந்தாள். இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன். பிறகு அந்தப் பேகல் காசைப் பற்றிச் சொந்தக்காரர் ஆளுக்கொரு கதை சொல்வார்கள் என்ற பயம் எனக்கு.

கணவருக்கு நுரையீரலில் புற்றுநோய். நிறை நாற்பத்தெட்டுக் கிலோவுக்குக் கீழே போனால் மருந்து ஏற்றுவதை நிறுத்தவேண்டி வரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அவர்கள் தந்த தாளில் எனக்கு விளங்கியது அந்த எண் ஒன்றுதான். காலையும் மாலையும் அவரைத் தராசில் ஏற்றிப் பார்த்தேன். நாற்பத்தொன்பது. எங்களுக்கும் அந்த எண்ணுக்கும் இடையில் ஒரு கிலோதான் கிடந்தது.

சோறு நாறுகிறது என்றார். இடியப்பத்தைத் தள்ளிவைத்தார். ஒருநாள் தானாகவே, "ஒரு பேகல் எண்டால் தின்னுவன்" என்றார். கனடாவுக்கு வந்த புதிதில் பன்னிரண்டு வருடம் பேகல் பேக்கரியில் நின்றவர். வளையமாக உருட்டிய மாவைக் கொதிதண்ணீரில் போட்டெடுத்து, பிறகு போறணை அடுப்புக்குள் தள்ளுவதுதான் அவருடைய வேலை. அந்தப் பேக்கரி இருந்த இடத்தில் இப்போது கொண்டோ மாடிக்கட்டடம் நிற்கிறது.

சுப்பர்மார்க்கெற்றில் ஆறு பேகல் உள்ள பையொன்றை நாலு டொலருக்கு வாங்கிவந்தேன். ஒரு கடி கடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"உது பேகல் இல்லை. நடுவிலை ஓட்டை போட்ட பாண்."

"இஞ்சருங்கோ, கண்ணை மூடிக்கொண்டு தின்னுங்கோ."

"கண்ணை மூடினாலும் பல்லுக்குத் தெரியும்."

நல்ல கடை ஒன்று இருந்தது. நாங்கள் இருக்கும் ரெக்ஸ்டேலில் இருந்து இரண்டு பஸ்ஸும் ஒரு சப்வேயும் பிடிக்கவேண்டும். ஒன்றின் விலை இரண்டு டொலருக்குக் கிட்ட. மகளின் சம்பளம் வாடகையோடு முடிந்துவிடும். கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று கணக்குப் பார்த்தேன். இதற்குள் அவர் பாத்ரூமுக்கு எழும்பி வழுக்கி விழுந்திருப்பாரோ என்ற நினைப்பு வேறு. கடைசியில், முதல்நாள் மிஞ்சிய ஆறு பேகலை ஐந்து டொலருக்கு எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

விடிந்து பார்த்தால் கல்லு. எங்கள் வீடுகளில் பாண் காய்ந்துபோனால் இடியப்பச் சட்டியில் வைத்து ஆவி காட்டுவோம். பேகலையும் அப்படியே அடுக்கி மூடினேன். மூடியைத் திறந்தபோது எல்லாம் ஊதி, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன.

அவர் எட்டிப்பார்த்தார். "பன்னிரண்டு வருசம் நான் சுட்டதை ஒரு காலமையிலை கொழுக்கட்டை ஆக்கிப்போட்டீர்."

சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி நிற்கவேயில்லை. அந்தச் சத்தம் கேட்டுத்தான் அன்ரி வந்தா.

"என்ன பிள்ளை, உதைப் போய் அவிச்சனி?"

எனக்கு அழுகைதான் வந்தது. அன்ரி என்னைப் பார்த்தா, சட்டியைப் பார்த்தா, கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனா. இரண்டு மணித்தியாலம் கழித்து, இன்னும் சூடு ஆறாத பன்னிரண்டு பேகலோடு திரும்பி வந்தா. பைக்குள் பில் கிடந்தது. நான் காசை எடுத்து நீட்டினேன்.

"வை பிள்ளை. அவர் ஒண்டை முழுசாத் திண்டு முடிக்கட்டும். அண்டைக்கு வாங்கிறன்."

"கட்டாயம் வாங்குவியளோ அன்ரி?"

"ஓம். ஒரு சதம் குறைஞ்சாலும் விடமாட்டன்."

அவர் ஒன்றை எடுத்துப் பெருவிரலால் தோலை அழுத்திப் பார்த்தார். மூக்கில் வைத்து மணந்தார். "இது பேகல்" என்றார். பட்டர்கூடக் கேட்காமல் பாதியைச் சாப்பிட்டார். அவர் மென்றதை எல்லாம் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மற்றப் பாதியைப் பின்னேரம் என்றார். பின்னேரம் வேண்டாம் என்றார்.

மிச்சத்தை ஃப்ரீசரில் வைத்தேன். நாளுக்கொன்றாக எடுத்து ஓவன் அடுப்பில் சூடாக்கிக் கொடுத்தேன். ஒரு கடி கடித்தார். பிறகு கடியும் இல்லை; கையில் வைத்து மணந்துவிட்டுத் திருப்பித் தந்தார். போன கிழமை ஆஸ்பத்திரித் தராசு நாற்பத்தேழரை காட்டியது. மருந்தை நிறுத்திவிட்டார்கள்.

லிஃப்ற்றில் காணும்போது அன்ரி காசைக் கேட்பதில்லை. நான் காசை மடித்துக் கைப்பைக்குள்ளேயே வைத்திருக்கிறேன், ஆனால் நீட்டுவதற்குக் கை வரவில்லை. இப்போது கொடுத்தால் அவர் இனி ஒன்றை முழுதாகச் சாப்பிடப்போவதில்லை என்று நானே சொன்னதாகிவிடும். ஃப்ரீசரில் இன்னும் நாலு இருக்கிறது. அன்ரிக்கு நான் கொடுக்கவேண்டியது பத்தொன்பது டொலர் ஐம்பது சதம்.