சொல்லிக்கொள்ளாமல் பார்த்த நட்சத்திரம்

சர்க்கரை என் கணவரின் கண்ணைத் தின்றுகொண்டிருந்த அந்தக் குளிர்காலம் முழுக்க, நாங்கள் புகையைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். நெய்வேலியில் பழிபோடப் புகையைவிடத் தோதான ஆள் கிடையாது. இருமினால் புகை, கொடியில் துணி கறுத்தால் புகை, வானம் மங்கினாலும் புகை.

கல்யாணமான புதிதில் ஒரு பைனாகுலரைக் கொண்டுவந்து என்னையும் இந்த நட்சத்திரம் பார்க்கும் பைத்தியத்தில் சேர்த்துவிட்டவர் அவர்தான். திமிங்கல மண்டலத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம். வயதாகி ஊதிப்போனது; விரிவதும் சுருங்குவதுமாகவே இருக்கிறது. சில வாரம் வெறுங்கண்ணுக்கே பளிச்சென்று தெரியும், பிறகு பல மாதம் பைனாகுலரிலும் தேட வேண்டும். நம் சூரியனும் ஒரு காலத்தில் இப்படித்தான் ஆகுமாம். அந்த முதுமை எப்படிப் போகிறது என்று ஆராய்பவர்களுக்கு, பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு அதன் வெளிச்சத்தைக் கணித்து இருவரும் தனித்தனியாக எழுதி அனுப்புவோம். ஒரே ஒரு கட்டுப்பாடு: ஒருவர் கணிப்பை மற்றவரிடம் சொல்லக் கூடாது. சொன்னால் காது கேட்டதைத்தான் கண் பார்க்கும் என்பார்.

அந்த மார்கழியில் அவர் ஸ்கூட்டரை விட்டுவிட்டு ஷிப்டுக்குப் பஸ்ஸில் போக ஆரம்பித்தார். கேட்டால் முதுகு வலி என்றார். படியைக் காலால் தடவித் தடவி இறங்கினார். அதுவும் முதுகு வலியென்றே எடுத்துக்கொண்டேன். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" என்று புதுச்சேரிக் கண் டாக்டர் பிற்பாடு கேட்டபோது அவரை அறைய வேண்டும் போலிருந்தது எனக்கு. அவர் சொன்னதில் தப்பில்லை.

பொங்கலுக்கு முந்தின வாரம், விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் கழித்து, குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் இருந்தோம். கடல் காற்று வானத்தைத் துடைத்துவிட்டிருந்தது.

"ஏம்மா, நாமதான் மொதல்ல புடிச்சிருக்கோம்" என்றார் அவர். கட்டுப்பாட்டை மறக்கும் அளவுக்குச் சந்தோஷம். "நேரத்துக்கு முன்னாடியே வெளிச்சம் எறங்கிடுச்சி. பத்து நாளா காணோம். அதோட ஓட்டமே மாறுது. இன்னைக்கே எழுதிப் போட்டுடலாம்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். பைனாகுலர் தேவைப்படவில்லை. சிவப்பு நட்சத்திரம் நல்ல வெளிச்சத்தில் நின்றது. ஆமாம், காணோம் என்று பொய் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"எனக்கு வெறுங்கண்ணுலயே தெரியுதுங்க" என்றேன்.

சிரித்தார். பைனாகுலரைச் சட்டையில் துடைத்து மறுபடி பார்த்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு அனல்மின் நிலையத்தின் பக்கம் திரும்பினார். சிம்னி உச்சியில் விமானங்களுக்காக எரியும் சிவப்பு விளக்குகள் எங்கள் மாடிக்கு நன்றாகத் தெரியும்.

"சிம்னி லைட்டு எரியுதா?"

"எரியுதுங்க."

"எல்லாமேவா?"

"எல்லாந்தான்."

எனக்குப் பயத்தில் அழுகைகூட வரவில்லை. அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிப்பேருன்னு நெனச்சேன்" என்றார். "ஒருத்தனும் சரிபண்ண மாட்றானேன்னு தெனம் திட்டிகினு இருந்தேன்."